ஏஜென்ட் காட்டும் வட்டமும் கவுன்சில் அளக்கும் தூரமும்

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறோம். மகளுக்கு ஜூலையில் 3 வயது முடிந்தது, மகனுக்கு இப்போதுதான் ஒன்று. ஹாரோ பக்கம் வீடு வாங்கப் பார்க்கிறோம். ஒரு வீடு எங்கள் இருவருக்கும் பிடித்துவிட்டது. நல்ல பெயருள்ள ஒரு ப்ரைமரி ஸ்கூல் அங்கிருந்து 600 மீட்டர்தான், "கேட்ச்மென்டுக்குள்ளேயே இருக்கிறது", அதாவது அந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும் பகுதிக்குள் வீடு வருகிறது என்று ஏஜென்ட் உறுதியாகச் சொல்கிறார். இதே அளவு வீடு கொஞ்சம் தள்ளி 40,000 பவுண்டு குறைவாகக் கிடைக்கிறது, ஆனால் அங்கிருந்து அந்தப் பள்ளி 1 கிலோமீட்டருக்கு மேல். பள்ளிக்காக அவ்வளவு பணம் கொடுக்கலாமா? வீடு கைக்கு வர நாளானால் ஹாரோவில் இருக்கும் என் அண்ணன் வீட்டு முகவரியைப் போட்டு விண்ணப்பித்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? கணவரோ, கிராமர் ஸ்கூல் (நுழைவுத்தேர்வு வைத்துச் சேர்க்கும் செகண்டரி பள்ளி) இருக்கும் ஊருக்கே போய்விடுவோம் என்கிறார். ஒன்றும் புரியாமல் இருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது மகளின் பிறந்த மாதம். ஜூலையில் 3 முடிந்திருக்கிறது என்றால் அடுத்த செப்டம்பரில் அவள் ரிசப்ஷன் வகுப்புக்கு (ப்ரைமரி பள்ளியில் 1-ஆம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) போக வேண்டியவள். அதற்கான விண்ணப்பம் வருகிற ஜனவரி 15-க்குள் போயாக வேண்டும். இப்போது செப்டம்பர். கையில் இருப்பது நான்கு மாதம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாமே இந்தத் தேதியைச் சுற்றித்தான் வருகின்றன.

நான் ஒரு கவுன்சிலின் (உள்ளாட்சி அமைப்பின்) பள்ளிச் சேர்க்கைப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவள். "கேட்ச்மென்டுக்குள்ளே" என்ற வார்த்தையை நம்பி வீடு வாங்கிவிட்டு ஏப்ரலில் எங்கள் மேசைக்கு வந்து நின்ற பெற்றோர்கள் நிறைய. அவர்களில் ஒருவரை மறக்க முடியவில்லை. வரைபடத்தை அச்சடித்து, பள்ளியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, தன் வீடு வட்டத்துக்கு உள்ளே இருப்பதைக் காட்டினார். வட்டம் சரிதான், அவர் ஏமாற்றவில்லை. ஆனால் அது முந்தைய வருடத்து வட்டம். அவர் விண்ணப்பித்த வருடம் வட்டம் சுருங்கி, அவர் வீட்டுக்கு ஏறக்குறைய 30 மீட்டர் முன்னால் நின்றுவிட்டது.

லண்டனில் பெரும்பாலான ப்ரைமரி பள்ளிகளுக்கு, வரைபடத்தில் கோடு போட்டு "இதற்குள் இருப்பவர்களுக்கெல்லாம் இடம் உண்டு" என்று சொல்லும் எல்லையே கிடையாது. (ஸ்காட்லாந்தில் அப்படி உண்டு. ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு பள்ளி என்று வகுத்திருப்பார்கள். இங்கிலாந்திலும் லண்டனுக்கு வெளியே சில பகுதிகளில் முன்னுரிமைப் பகுதி என்று குறித்திருக்கிறார்கள். அங்கேயும் உள்ளே இருப்பது வரிசையில் மேலே நிறுத்துமே தவிர, இடத்துக்கு உத்தரவாதம் ஆகாது.) லண்டனில் நடப்பது இதுதான். பள்ளியில் 60 இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில், சிறப்புக் கல்வித் தேவைக்கான திட்ட ஆவணத்தில் அந்தப் பள்ளியின் பெயர் எழுதப்பட்ட குழந்தைகள். அடுத்து, கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும், அல்லது முன்பு இருந்த குழந்தைகள். பெரும்பாலான பள்ளிகளில் அப்புறம் வருவது, ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகள். இவர்களுக்கெல்லாம் கொடுத்தபின் மிஞ்சுகிற இடங்கள்தான் தூரத்தை வைத்து, அருகில் இருப்பவரிலிருந்து தொடங்கி நிரம்பும். ஒரு வருடம் முதல் இரண்டு பிரிவிலும் சேர்த்து 3 பேர், தம்பி தங்கைகள் 20 பேர் என்றால் மிச்சம் 37 இடம் இருக்கலாம். அடுத்த வருடம் தம்பி தங்கைகள் 33 பேர் வந்தால் 24 தான். பள்ளியும் அதே, தெருவும் அதே, வட்டம் மட்டும் சுருங்கிவிடும். ரிசப்ஷன், 1, 2-ஆம் வகுப்புகளில் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகள்தான் என்று சட்டமே இருப்பதால், கெஞ்சிக் கேட்டு 31-ஆவதாக நுழைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. ஆனால் இந்த வகுப்புகளுக்கான மேல்முறையீட்டில் ஜெயிக்க, கவுன்சிலோ பள்ளியோ விதியைத் தப்பாகப் பயன்படுத்தியது போன்ற குறுகிய காரணங்கள்தான் எடுபடும்.

அதனால் ஏஜென்டிடம் "கேட்ச்மென்டா?" என்று கேட்பதை விடுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது, "கடைசியாக இடம் கிடைத்த குழந்தையின் வீடு எவ்வளவு தூரத்தில் இருந்தது?" என்பதைத்தான். அதையும் கவுன்சிலிடம் கேளுங்கள். ஒவ்வொரு கவுன்சிலும் வருடாவருடம் செப்டம்பர் 12-க்குள் பள்ளிச் சேர்க்கைக் கையேட்டை வெளியிட்டாக வேண்டும், ஆக இந்த வருடக் கையேடு இப்போதே கிடைக்கும். பல கையேடுகளில் இந்தக் கடைசித் தூரத்தைப் பள்ளிவாரியாகப் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். ஒரு வருடத்து எண் போதாது, குறைந்தது மூன்று வருடம் வேண்டும்.

எண்கள் கிடைத்ததும் அதில் மிகச் சிறியதை எடுங்கள். மூன்று வருடங்களில் 0.61 மைல், 0.44 மைல், 0.36 மைல் என்று வந்தால், நல்ல வருடத்தையும் பார்க்காதீர்கள், சராசரியும் போடாதீர்கள். 0.36 மைல் என்பது சுமார் 580 மீட்டர். உங்கள் வீடு 600. அந்த வருடம் உங்கள் மகளுக்கு இடம் கிடைத்திருக்காது. மிக மோசமான வருடத்திலும் உங்கள் வீடு உள்ளே வருகிறது, கொஞ்சம் இடைவெளியும் இருக்கிறது என்றால்தான் அந்தப் பள்ளியைக் கணக்கில் சேர்க்கலாம்.

அந்த 600 மீட்டரை யார், எப்படி அளந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். பல கவுன்சில்கள் நேர்கோட்டில் அளக்கின்றன, சில இடங்களில் நடந்து போகும் மிகக் குறுகிய பாதையை அளக்கிறார்கள். வீட்டில் எந்தப் புள்ளியிலிருந்து, பள்ளியில் வாசல் கேட் வரையா, கட்டடத்தின் நடுப்புள்ளி வரையா என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறும். இதையெல்லாம் பள்ளியின் சேர்க்கை விதிகளில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வீடு விற்கும் தளங்களில் காட்டும் தூரம் பெரும்பாலும் போஸ்ட்கோடை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு. 20 மீட்டர் வித்தியாசத்தில் இடம் போகும் பள்ளிக்கு அது உதவாது. ஒரே கட்டடத்தில் இரண்டு ஃபிளாட்காரர்கள், ஒரே தூரம், ஒரே இடம்தான் பாக்கி என்று வந்தால் என்ன செய்வோம் தெரியுமா? குலுக்கல்தான். பள்ளிச் சேர்க்கையில் சம்பந்தமே இல்லாத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடத்துவோம்.

கையேட்டைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் தேடுங்கள். லண்டனில் பிறப்பு விகிதம் குறைந்து, குடும்பங்கள் வெளியூர்களுக்குப் போய், பல ப்ரைமரி பள்ளிகளில் இப்போது இடம் காலியாகக் கிடக்கிறது. சில பகுதிகளில் பள்ளிகளை மூடியும் இணைத்தும் இருக்கிறார்கள். பத்து வருடம் முன்னால் வீடு வாங்கியவர்கள் சொல்லும் பயம் அவர்களுடைய காலத்துக்குச் சரி. இன்று அதே தெருவில் நிலைமை வேறாக இருக்கலாம். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பிள்ளைகள் குறைந்தால் 60 இடத்தை 30 ஆக்கிவிடுவார்கள், அப்போது வட்டம் திரும்பவும் சுருங்கும். இப்படி இடத்தைக் குறைப்பதாக இருந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். சாதாரணமாக அக்டோபர் 1 முதல் ஜனவரி 31 வரையிலான காலத்துக்குள் கருத்துக் கேட்பு நடத்துவார்கள், அது அடுத்த செப்டம்பருக்கு அல்ல, அதற்கும் அடுத்த வருடச் சேர்க்கைக்கானது. இந்த வருடம் நடப்பது உங்கள் மகளைப் பாதிக்காது, ஆனால் மகன் ரிசப்ஷன் சேரும்போது எத்தனை இடம் இருக்கும் என்பதற்கு அது ஒரு முன்னறிகுறி.

சரி, 40,000 பவுண்டு. அதை மார்ட்கேஜில் சேர்த்து 25 வருடத்துக்கு 4.5 சதவீத வட்டியில் கட்டினால் மாதம் சுமார் 222 பவுண்டு ஆகும். முழுசாகக் கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 66,700 பவுண்டு. நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். ஒரே ஒரு பள்ளியை நம்பி, அதுவும் விளிம்பில் நிற்கும் தூரத்துக்கு, நிச்சயமாகக் கொடுக்க மாட்டேன். அந்த வீடே பிடித்திருக்கிறது, தோட்டம் பெரிது, ட்யூப் ஸ்டேஷன் பக்கம் என்றால் அது வேறு விஷயம். அதற்காக வாங்குங்கள். ஆனால் அந்த இரண்டாவது வீட்டைச் சுற்றி என்ன பள்ளிகள் இருக்கின்றன என்று பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1 கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஒரு பள்ளி தூரமாகிறது, வேறு இரண்டு பள்ளிகள் பக்கத்தில் வரலாம். நான் வீடு தேடுபவர்களுக்குச் சொல்வது, மோசமான வருடத்திலும் உங்களுக்கு இடம் கிடைத்திருக்கக்கூடிய, நீங்கள் மனசார அனுப்பக்கூடிய இரண்டு மூன்று பள்ளிகள் சுற்றி இருக்கும் வீட்டைத் தேடுங்கள் என்பதுதான்.

இனி முகவரி. கவுன்சிலுக்கு வேண்டியது, குறித்த தேதியில் குழந்தை உண்மையில் குடியிருக்கும் வீடு. வாங்கப் போகும் வீட்டைக் காட்ட வேண்டுமானால் பொதுவாக எக்ஸ்சேஞ்ச் (இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் விற்பனை ஒப்பந்தம்) முடிந்ததற்கான கடிதம் கேட்பார்கள், வாடகை வீடு என்றால் கையெழுத்தான டெனன்சி அக்ரிமென்ட். ஆஃபர் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற ஏஜென்டின் மின்னஞ்சல் போதாது. இந்த நாட்டில் ஆஃபரிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு மூன்று நான்கு மாதம் ஆவது சர்வசாதாரணம், மேலிருந்து கீழே வரை சங்கிலித் தொடராக நாலு குடும்பம் வீடு மாற்றுவதாக இருந்தால் இன்னும் இழுக்கும். ஜனவரி 15-க்குப் பிறகும் முகவரி மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும் கெடு கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும். அதை ஹாரோ கவுன்சிலிடமும் ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் கவுன்சிலிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு அதற்குள் முடியவில்லை என்றால் பயப்படாதீர்கள். ஈஸ்ட் ஹாம் முகவரியிலேயே, நியூஹாம் கவுன்சில் வழியாக நேரத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். லண்டனில் 6 பள்ளிகள் வரை எழுதலாம், மற்ற பரோவில் (வேறு கவுன்சிலின் பகுதியில்) இருக்கும் பள்ளியையும் எழுதலாம். ஆறையும் விருப்பமான வரிசையில் போடுங்கள். எந்தப் பள்ளியை எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பதை வைத்துப் பள்ளிகள் வரிசை போட முடியாது, அதனால் "முதலில் போட்டால்தான் எடுப்பார்கள்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். கிடைக்கக்கூடிய பள்ளிகளில் உங்கள் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதுதான் ஏப்ரல் 16-ஆம் தேதி வரும். பட்டியலில் இப்போதைய வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றாவது கட்டாயம் இருக்கட்டும். மாறுவதற்கு முன்னால் அவளுக்கென்று ஒரு இடம் கையில் இருக்க வேண்டும்.

ஹாரோவுக்குக் குடிபோனபின் அங்குள்ள பள்ளிகளின் வெயிட்டிங் லிஸ்டில் சேருங்கள். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வெயிட்டிங் லிஸ்ட் என்பது ரேஷன் கடை வரிசை இல்லை, முதலில் வந்தவர் முதலில் நிற்பது அங்கே கிடையாது. புதிதாக ஒருவர் சேரும்போதெல்லாம் அதே விதிப்படி பட்டியலை மறுபடி அடுக்க வேண்டும். ஆறு மாதமாகக் காத்திருப்பவரைவிட, நேற்று பக்கத்துத் தெருவுக்கு வந்தவர் மேலே போய்விடுவார். அதாவது தாமதமாகப் போனாலும் பள்ளிக்கு அருகில் போனால் உங்களுக்கு வாய்ப்பு உண்டு, அதேபோல உங்களுக்கு மேலே இன்னொருவரும் வரலாம். ரிசப்ஷனுக்கான இந்தப் பட்டியலைக் குறைந்தது டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். வருட நடுவில் மாறினாலும் முழுசாகக் கதவு மூடிவிடாது. நடுவில் விண்ணப்பித்தால் 15 பள்ளி நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் வீட்டு முகவரி வேண்டாம். உங்கள் வீட்டில் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நம் வீடுகளில் அண்ணன் வீடும் நம் வீடுதான். ஆனால் கவுன்சிலின் பார்வையில் அது பொய்யான தகவல். கவுன்சில் டாக்ஸ் கணக்கு, சைல்ட் பெனிஃபிட் போகும் முகவரி என்று ஒத்துப் பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் வீட்டுக்கே வருவார்கள். தெரிந்து செய்தது என்று உறுதியானால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுக்கலாம், பிள்ளை பள்ளியில் சேர்ந்தபிறகும்கூட. சீருடை வாங்கி, சிநேகிதி பிடித்து, கோட் மாட்டும் கொக்கியில் தன் பெயர் ஒட்டியிருப்பதைக் காட்டி மகிழ்ந்த நாலு வயசுக் குழந்தையிடம் "இனி இந்தப் பள்ளி இல்லை" என்று சொல்ல வேண்டிவரும். சொந்த வீடு வைத்துக்கொண்டு பள்ளிக்குப் பக்கத்தில் ஆறு மாதத்துக்கு மட்டும் வாடகைக்குப் போவதையும் பல கவுன்சில்கள் ஒப்புக்கொள்வதில்லை. சொந்த வீட்டையே உங்கள் முகவரியாக எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் மகள் ஜூலைக் குழந்தை என்பதால் இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. கட்டாயப் பள்ளி வயது என்பது 5 முடிந்து அடுத்த பருவம் தொடங்கும்போதுதான். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பிறந்த குழந்தைகளை ஒரு வருடம் கழித்து, 5 வயதில் ரிசப்ஷனில் சேர்க்கப் பெற்றோர் கேட்கலாம். ஒப்புக்கொள்வது பள்ளியின் சேர்க்கையை முடிவு செய்யும் அமைப்பைப் பொறுத்தது. வீடு மாற்ற நேரம் கிடைக்குமே என்பதற்காக இதைச் செய்யாதீர்கள். அவள் பேச்சிலோ, கழிப்பறைப் பழக்கத்திலோ, உங்களைப் பிரிந்து இருப்பதிலோ இன்னும் தயாராகவில்லை என்று தோன்றினால் மட்டும் நர்சரி ஆசிரியரிடம் பேசிவிட்டு யோசியுங்கள். நர்சரி என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு பள்ளியின் நர்சரியில் படித்தாலே ரிசப்ஷனில் இடம் வந்துவிடாது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தெரியாமல் ஜனவரியைக் கோட்டை விட்டவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள்.

மகனையும் மறக்க வேண்டாம். அக்கா இருந்தால் தம்பிக்கு முன்னுரிமை என்பது பொதுவான விதி, ஆனால் சில பள்ளிகளில், குடும்பம் தள்ளிப் போய்விட்டால் குறிப்பிட்ட தூரத்துக்கு வெளியே அது செல்லாது என்று எழுதியிருக்கும். மகளை ஈஸ்ட் ஹாமில் சேர்த்துவிட்டு வீடு மாறினாலோ, ஹாரோவிலேயே இன்னொரு தரம் மாறினாலோ இது கடிக்கும். அதேபோல, பார்க்கும் பள்ளி 2-ஆம் வகுப்போடு முடியும் இன்ஃபன்ட் ஸ்கூலா என்று கவனியுங்கள். அப்படியென்றால் 3-ஆம் வகுப்புக்கு ஜூனியர் ஸ்கூலுக்குத் திரும்பவும் விண்ணப்பம் போட வேண்டும்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அது எட்டு வருடம் கழித்து வரும் கேள்வி. இங்கிலாந்து முழுவதும் கிராமர் ஸ்கூல் 163 தான், ஹாரோவில் ஒன்றுகூட இல்லை. சில கிராமர் பள்ளிகள் மதிப்பெண்ணோடு தூரத்தையும் பார்க்கின்றன, சில மதிப்பெண்ணை மட்டும் பார்க்கின்றன. செகண்டரிக்கான விண்ணப்பம் 6-ஆம் வகுப்பில் அக்டோபர் 31-க்குள். அதற்குள் விதிகள் எத்தனை முறை மாறுமோ. 3 வயதுக் குழந்தையின் பரீட்சையை நம்பி இன்று வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று என் பெயரைச் சொல்லியே அவரிடம் சொல்லுங்கள்.

"நல்ல பெயருள்ள பள்ளி" என்கிறீர்களே, அந்தப் பெயர் எப்போது வந்தது என்று பாருங்கள். பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு 2024 செப்டம்பரிலேயே அரசுப் பள்ளிகளுக்கு ஒட்டுமொத்தமாக ஒற்றைச் சொல்லில் மதிப்பிடுவதை நிறுத்திவிட்டது. வாசலில் இன்னும் தொங்கும் "அவுட்ஸ்டாண்டிங்" பதாகை பல வருடப் பழையதாக இருக்கலாம், அப்புறம் தலைமையாசிரியரே மாறியிருக்கலாம். அறிக்கையின் தேதியைப் பாருங்கள், உள்ளே எழுதியிருப்பதைப் படியுங்கள். அக்டோபர், நவம்பரில் பள்ளிகள் பெற்றோரை உள்ளே அழைத்துக் காட்டும். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தலைமையாசிரியரிடம், போன வருடம் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள், ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத குழந்தைக்கு முதல் மாதத்தில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் தயங்காமல் வருகிறதா என்று கவனியுங்கள்.

ஆஃபர் போடுவதற்கு முன்னால் ஒரு வேலைநாள் காலையில் இரண்டு வீட்டு வாசலிலிருந்தும் பக்கத்துப் பள்ளிகளுக்கு நடந்து பாருங்கள். 8.20-க்குக் கிளம்புங்கள், தம்பியைத் தள்ளுவண்டியில் வைத்து, மகளை நடக்கவிட்டு. நேர்கோட்டில் 600 மீட்டர் என்பது நடுவில் ரயில் தண்டவாளம் இருந்தால் மேம்பாலம் ஏறி இறங்கி 1 கிலோமீட்டர் ஆகும். தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு எத்தனை படி ஏறுகிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள், ஏழு வருடம் அந்தப் படிகளைத்தான் ஏற வேண்டும்.